இரட்டிப்பு ஆட்டமும் நாலு பெருக்கல் குறியும்

வாசகர் கேள்வி:

ஐயா, எனக்கு 34 வயது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பேரிங் கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிறேன். வீடு பெரம்பூர். ஆயுத பூஜை லீவில் நண்பர்கள் நாலு பேரோடு கோவா போனேன். பனாஜியில் மாண்டவி ஆற்றில் நிற்கும் கப்பல் கேசினோவில் ரூலெட் ஆடினோம், சுழலும் சக்கரத்தில் பந்து எந்த எண்ணில், எந்த நிறத்தில் விழும் என்று பணம் வைக்கும் ஆட்டம். கூட வந்தவர் ஒரு வழி சொல்லிக்கொடுத்தார். சிவப்பில் 500 வைக்க வேண்டும். தோற்றால் 1,000, மறுபடி தோற்றால் 2,000. ஜெயித்ததும் திரும்ப 500. எத்தனை தடவை தோற்றாலும் ஒரே ஜெயிப்பில் எல்லாம் திரும்பி, மேலே 500 நிற்கும். அன்று ராத்திரி 14,000 ஜெயித்து வந்தேன். வந்ததிலிருந்து போனில் காசில்லாத ரூலெட் ஆப்பில் மகள் தூங்கிய பிறகு பழகுகிறேன். நாளுக்கு 10 சுற்று, அதோடு நிறுத்திவிடுவேன். 40 நாளில் 36 நாள் ஜெயிப்பு. எழுதி வைத்த தாளை அனுப்பியிருக்கிறேன், நகல் எடுக்கவில்லை, திருப்பி அனுப்பவும். கோவா மேஜையில் சிவப்புக்கு 500 முதல் 50,000 வரை வைக்கலாம். என் 2 லட்சம் ரூபாய் சீட்டைத் தள்ளி எடுத்துக்கொண்டு பொங்கல் லீவில் மறுபடி போகலாம் என்று இருக்கிறேன். இரட்டிப்பு நல்லதா, யூடியூபில் சொல்லும் ஃபிபனாச்சி, டாலம்பேர் நல்லதா? வரிசையாகக் கறுப்பு வந்தால் காத்திருந்து சிவப்பில் வைக்கலாமா? ஆப்பிலேயே காசு வைத்து ஆடலாம் என்று விளம்பரம் வருகிறதே, அது சரியா? வீட்டில் இன்னும் சொல்லவில்லை. பெயர் போட வேண்டாம்.

பதில்:

தாளையும் சேர்த்து அனுப்பினீர்களே, அதற்கு நன்றி. எனக்கு வரும் கடிதங்களில் முக்கால்வாசியில் "நல்லா ஜெயிச்சேன்", "கொஞ்சம் போச்சு" என்றுதான் இருக்கும், தொகை இருக்காது. நீங்கள் கோடு போட்ட தாளில் தேதி, நேரம், எத்தனை சுற்று, எவ்வளவு என்று கட்டம் கட்டமாக எழுதியிருக்கிறீர்கள். ஷாப் ஃப்ளோரில் இன்ஸ்பெக்‌ஷன் ஷீட் எழுதிப் பழகிய கை என்று பார்த்ததும் தெரிகிறது. அந்தத் தாளுக்குக் கொஞ்சம் பொறுத்து வருகிறேன்.

நான் ஆக்சுவரி. முப்பது வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்குப் பிரீமியம் கணக்குப் போட்டுக் கொடுத்தவன். சூதாட்டத்துக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். மேஜை போட்டிருக்கிறவர் எப்படிக் கணக்குப் பார்ப்பாரோ, அப்படிப் பார்த்துப் பழகியவன் நான். இன்ஷூரன்ஸ் நண்பர்களுக்கு இந்த ஒப்பீடு பிடிக்காது. ஆனால் உங்கள் இரட்டிப்பு ஆட்டத்தைப் புரிந்துகொள்ள இதைவிடக் குறுக்கு வழி எனக்குத் தெரியவில்லை.

முதலில் சக்கரம். நீங்கள் ஆடிய சக்கரத்தில் பச்சைப் பூஜ்யம் ஒன்றா, இரண்டா என்று கடிதத்தில் இல்லை. மேஜையில் உட்காரும் முன் பார்க்க வேண்டியதே அதுதான். ஐரோப்பிய சக்கரத்தில் 1 முதல் 36 வரை எண்கள், கூட ஒரு 0. மொத்தம் 37 குழி. அமெரிக்க சக்கரத்தில் இன்னொரு 00 உண்டு, 38 குழி. உங்களுக்குச் சாதகமாக ஒற்றைப் பூஜ்யம் என்றே வைத்துக்கொண்டு பேசுகிறேன்.

இப்போது ஒரு வேலை செய்யுங்கள், மனதுக்குள்தான். 37 எண்ணிலும் எண்ணுக்கு நூறு ரூபாய் வையுங்கள். மேஜையில் 3,700 ரூபாய். பந்து எங்கே விழுந்தாலும் ஜெயிப்பு உங்களுக்குத்தான், தோற்கவே வழியில்லை. விழுந்த எண்ணுக்கு 35 மடங்கு, 3,500 ரூபாய் தருவார்கள். அந்த எண்ணில் வைத்த நூறும் திரும்பும். கையில் 3,600. தோற்கவே முடியாத ஆட்டத்தில் நூறு ரூபாய் காணோம். 3,700-க்கு 100 என்றால் 2.70 சதவீதம். சிவப்பில் வையுங்கள், ஒற்றைப்படையில் வையுங்கள், முதல் டஜனில் வையுங்கள், இந்தச் சக்கரத்தில் வைத்த தொகையில் சராசரியாக அதே 2.70 சதவீதம் அந்தப் பக்கம் போகும். இரட்டைப் பூஜ்யம் இருந்தால் 5.26. சில மேஜைகளில் பூஜ்யம் விழுந்தால் சிவப்பு, கறுப்புக்காரர்களுக்குப் பாதிப் பணம் திருப்பித் தருவார்கள். அங்கே மட்டும் அவர்களுக்கு 1.35 ஆகக் குறையும். அப்படி ஒரு மேஜை கிடைத்தால் அதிர்ஷ்டம்.

உங்கள் நண்பர் சொன்ன வழிக்குப் பெயர் மார்ட்டிங்கேல். பதினெட்டாம் நூற்றாண்டு பிரான்சிலிருந்து வருவது. எல்லோருக்கும் சொந்தமாகத் தோன்றும் யோசனை, அதனால்தான் சாகவே மாட்டேன் என்கிறது. உங்கள் மேஜையின் 500, 50,000 என்ற வரம்புகளை வைத்துப் போட்டுப் பார்ப்போம்.

500, 1,000, 2,000, 4,000, 8,000, 16,000, 32,000. ஏழு தடவை வைத்தாயிற்று. ஏழும் தோற்றால் போனது 63,500. எட்டாவதாக 64,000 வைக்க வேண்டும், மேஜை 50,000-க்கு மேல் விடாது. பையில் 2 லட்சம் இருந்தாலும் சரி, 20 லட்சம் இருந்தாலும் சரி, ஆட்டம் அங்கே முடிந்தது. ரோஷத்தில் அந்த 50,000-ஐ வைத்து ஜெயித்தாலும் 13,500 நஷ்டத்தில்தான் எழுந்திருப்பீர்கள். மேஜைக்கு மேல் வரம்பு போட்டு வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஏழு தடவை வரிசையாகச் சிவப்பு வராமல் போகுமா? சிவப்புக்கு 18 குழி. கறுப்பு 18, பச்சை 1, ஆக உங்களுக்கு ஆகாத குழி 19. 37-ல் 19 என்பதை ஏழு தடவை பெருக்கினால் 0.0094. அதாவது 106 சுற்றுக்கு ஒரு சுற்று இப்படிக் கவிழும். (சுற்று என்று நான் சொல்வது, நீங்கள் தாளில் எழுதியிருப்பது போலவே, 500-ல் தொடங்கி ஒரு ஜெயிப்பு வரும்வரை.) இரட்டைப் பூஜ்யச் சக்கரத்தில் 89-க்கு ஒன்று.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். நீங்கள் அந்த மேஜையில் செய்தது என்ன தெரியுமா? ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனி நடத்தினீர்கள். சுற்றுக்கு 500 ரூபாய் பிரீமியம். அடிக்கடி, சிரமமில்லாமல் வசூலாகிறது. எப்போதாவது ஒரு கிளெய்ம் வரும். வந்தால் 63,500. சராசரியாக 105 பிரீமியம் வசூலான பிறகு ஒரு கிளெய்ம். 105 பிரீமியம் என்றால் 52,500 ரூபாய். கிளெய்முக்குக் கொடுக்க வேண்டியது 63,500. 11,000 துண்டு விழுகிறது. இந்தப் பிரீமியத்தை எழுதிக்கொண்டு நான் போர்டு மீட்டிங்குக்குப் போயிருந்தால் அன்றே சீட்டைக் கிழித்திருப்பார்கள். இன்ஷூரன்ஸில் பிரீமியத்தை நிர்ணயிப்பது கம்பெனி. எதிர்பார்க்கும் கிளெய்மைவிடக் கூட்டித்தான் வைப்போம். அதற்கு மேல், கணக்குப்படி தேவையான கையிருப்பில் ஒன்றரை மடங்காவது வைத்திருக்க வேண்டும் என்று இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ-யின் விதி இருக்கிறது. உங்கள் கம்பெனியில் பிரீமியத்தை நிர்ணயிப்பவர் எதிராளி. கையிருப்பு, சீட்டுப் பணம்.

இன்னொரு விதமாகவும் இதைப் பார்க்கலாம். நீங்கள் 500 ரூபாய் ஆட்டம் ஆடுகிறேன் என்று நினைக்கிறீர்கள். தோற்கும்போதெல்லாம் ஏற்றுவதால் ஒரு சுற்றுக்கு நீங்கள் மேஜையில் வைக்கும் தொகை சராசரியாக 3,800 ரூபாய். அதில் 2.70 சதவீதம், சுமார் 103 ரூபாய், ஒவ்வொரு சுற்றுக்கும் அந்தப் பக்கம் போய்க்கொண்டே இருக்கிறது. 106 சுற்றுக்குப் பெருக்குங்கள், கிட்டத்தட்ட அதே 11,000-தான் வரும். அந்த 103 ரூபாய் நம் கண்ணில் படாது, அவ்வளவுதான். சில்லறையாக நம்மிடம் வாங்காமல், கடன் சொல்லி வைத்து, ஒரு நாள் மொத்தமாக 63,500 என்று வாங்கிக்கொள்கிறார்கள்.

அப்படியானால் கோவாவில் ஜெயித்தது எப்படி? அதில் மர்மம் ஒன்றும் இல்லை. 14,000 என்றால் 28 சுற்று. ஒரு சுற்று முடிய சராசரியாக இரண்டு சுழற்றல்தான் ஆகும், ஆக ஒன்றரை மணி நேர ஆட்டம். 28 சுற்றும் கவிழாமல் முடிவதற்கு வாய்ப்பு 77 சதவீதம். உங்களைப் போல நூறு பேர் அந்தக் கப்பலில் ஏறியிருந்தால் 77 பேர் ஆளுக்கு 14,000-த்தோடு இறங்கி, நண்பர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். மீதி 23 பேர் யாருக்கும் எதுவும் சொல்லியிருக்க மாட்டார்கள். உங்கள் நண்பர் அந்த 77-ல் ஒருவர், அதனால்தான் இந்த வழி உங்கள் காதுவரை வந்தது. இதே மாதிரி மூன்று ராத்திரி ஆடினால், மூன்றிலும் தப்பிப்பவர் நூற்றுக்கு 45 பேர்தான்.

சரி, உங்கள் தாள். 40 வரி. 36 வரியில் டிக், பக்கத்தில் 5,000 என்று அழகாக எழுதியிருக்கிறது. நாலு வரியில் பெருக்கல் குறி. அந்த நாலு இடத்திலும் தொகைக் கட்டம் காலி. ஒன்றில் மட்டும் "தூக்கக் கலக்கம்" என்று குறிப்பு. சக்கரம் உங்கள் தூக்கத்தைப் பார்த்துச் சுழல்வதில்லை, தம்பி.

40-ல் 36 என்பது 90 சதவீதம் என்று அடிக்கோடு போட்டிருக்கிறீர்கள். நாளுக்கு 10 சுற்று என்றால், காகிதத்திலேயே கணக்குப் போட்டால் வரும் விடையும் 36 நாள்தான். ஆப்பில் கோளாறு இல்லை, உங்கள் கையில் விசேஷமும் இல்லை. நாளை எண்ணாமல் ரூபாயை எண்ணுவோம். 36 நாள், நாளுக்கு 5,000: 1,80,000 வரவு. பெருக்கல் குறி போட்ட நாலு நாளிலும் கவிழ்வதற்கு முன் ஜெயித்த சுற்று 2, 6, 0, 7 என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 15 சுற்று, 7,500. மொத்த வரவு 1,87,500. செலவு, நாலு தடவை 63,500, ஆக 2,54,000. 66,500 நஷ்டம். இது விளையாட்டுக் காசு என்பதால் யாரும் வந்து கேட்கவில்லை. பட்டறையில் நூறு பேரிங்கில் தொண்ணூறு சரியாக வந்தது என்று நீங்கள் ரிப்போர்ட் எழுதினால், மீதிப் பத்து என்ன ஆச்சு என்று மேனேஜர் கேட்காமல் விடுவாரா?

கறுப்பு வரிசையாக வந்தால் காத்திருந்து சிவப்பில் வைக்கலாமா என்ற கேள்வி. பெரம்பூரில் 29சி-க்கு நின்றவர் நீங்கள். அரை மணி நேரம் பஸ் வரவில்லை என்றால் இனி வந்தாக வேண்டும் என்று நம்பலாம், ஏனென்றால் டிப்போவில் ஒரு டைம்கீப்பர் உட்கார்ந்து "இன்னும் வண்டி போகலையே" என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். சக்கரத்துக்கு டைம்கீப்பர் கிடையாது. போன தடவை எங்கே விழுந்தோம் என்பது பந்துக்குத் தெரியாது. ஐந்து கறுப்புக்குப் பிறகும் சிவப்பு வர வாய்ப்பு அதே 37-ல் 18. காத்திருப்பதால் ஒரே ஒரு நன்மை உண்டு, காத்திருக்கும் நேரத்தில் நீங்கள் காசு வைப்பதில்லை.

1913-ம் வருஷம் ஆகஸ்ட் 18-ம் தேதி மான்டே கார்லோவில் வரிசையாக 26 தடவை கறுப்பு விழுந்தது. பத்துப் பதினைந்து தாண்டியதும் கூட்டம் கூடி, இனி சிவப்புதான் என்று கட்டுக் கட்டாக வைத்துத் தோற்றார்கள். நீங்கள் அன்று அங்கே 500-ல் தொடங்கி இரட்டிப்பாக்கிக்கொண்டே போயிருந்தால், 26-வது தடவை சிவப்பில் வைக்க வேண்டிய தொகை 1,677 கோடி ரூபாய். அதிலும் தோல்விதான். மேஜை ஓரத்தில் கம்பம் மாதிரி நிறுத்தி, முன்பு விழுந்த எண்களைச் சிவப்பும் கறுப்புமாகக் காட்டுகிறார்களே, அந்தப் போர்டைக் கேசினோ தன் செலவில் வைத்திருக்கிறது. பயன்படும் தகவலாக இருந்தால் ஓசியில் கொடுப்பார்களா?

யூடியூபில் சொல்லும் மற்ற வழிகள். டாலம்பேர் என்பதில் தோற்றால் ஒரு யூனிட் ஏற்ற வேண்டும், ஜெயித்தால் ஒரு யூனிட் இறக்க வேண்டும். 500, 1,000, 1,500 என்று நிதானமாக ஏறும். பதினெட்டாம் நூற்றாண்டு பிரெஞ்சுக் கணித மேதையின் பெயர். தொடர்ந்து பூ விழுந்தால் அடுத்தது தலை விழ வாய்ப்பு கூடும் என்று நினைத்தவர் அவர். மேதைக்கும் அந்த இடத்தில் சறுக்கியது. அவர் பெயரில் ஆடுகிறவர்களுக்கு இன்றும் அதே இடத்தில் சறுக்குகிறது.

ஃபிபனாச்சியில் 1, 1, 2, 3, 5, 8, 13 என்று போக வேண்டும். முந்தைய இரண்டையும் கூட்டினால் அடுத்தது. தோற்றால் ஒரு படி முன்னே, ஜெயித்தால் இரண்டு படி பின்னே. (இந்த வரிசை 1202-ல் இத்தாலியில் பிறந்தது என்று சொல்வார்கள். அதற்கு முன்பே ஹேமசந்திரர் போன்றவர்கள் குறில், நெடில் மாத்திரைகளை எத்தனை விதமாக அடுக்கலாம் என்று எண்ணும்போது இதே வரிசையைக் கண்டிருக்கிறார்கள். சந்தக் கணக்குக்கு அது நல்ல கணக்கு.) உங்கள் மேஜையில் 500 யூனிட் என்றால் பதினோராவது படியில் 44,500 வைப்பீர்கள், பன்னிரண்டாவதில் 72,000 என்று வரம்பைத் தாண்டும். பதினொன்றும் வரிசையாகத் தோற்றால் 1,16,000 போகும். இரட்டிப்பைவிட ஏறுவது மெதுவாக இருப்பதால் பயம் குறைவாக இருக்கும். ஆனால் ஒரே ஜெயிப்பில் எல்லாம் மீளாது. மேலே போவதும் இரண்டு படி இறங்குவதுமாக மேஜையில் ரொம்ப நேரம் உட்கார வைக்கும். உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு சுழற்றலுக்கும் 2.70 உண்டு, அதை மறக்க வேண்டாம்.

லபூஷேர் என்று ஒன்று. பிரிட்டிஷ் அரசியல்வாதி ஒருவரின் பெயர். காகிதத்தில் 1, 2, 3, 4 என்று எழுதி, இரண்டு ஓரத்து எண்ணையும் கூட்டி வைக்க வேண்டும். ஜெயித்தால் இரண்டையும் அடிக்க வேண்டும், தோற்றால் தோற்ற எண்ணைக் கடைசியில் சேர்க்க வேண்டும். எல்லாம் அடிபட்டால் 10 யூனிட் லாபம். பென்சிலும் கையுமாக உட்கார்ந்திருப்பதால் ஏதோ வேலை செய்கிற திருப்தி வரும். சேர்ந்துகொண்டே போகும் வரிசைதான் பிரச்சினை.

இவை எல்லாமே ஒரே நஷ்டத்தைப் பல வடிவத்தில் வெட்டித் தருகிற கத்திகள். மார்ட்டிங்கேல் எப்போதோ ஒரு நாள் பெரிய துண்டாக வெட்டும், டாலம்பேர் சின்னச் சின்னதாக வெட்டும். மொத்தம், நீங்கள் வைத்த தொகைக்கு 2.70. எந்த வரிசையில் வைத்தாலும் மைனஸ்களைக் கூட்டிப் பிளஸ் வராது.

இவற்றில் எனக்குக் கோபம் குறைவாக வருவது பரோலி. இரட்டிப்பைத் தலைகீழாக்கியது. ஜெயித்தால் மட்டும் ஏற்றுவது. 500 ஜெயித்தால் அந்த 1,000-ஐ வையுங்கள், அதுவும் ஜெயித்தால் 2,000, மூன்றாவதும் ஜெயித்தால் 4,000-ஐ எடுத்துக்கொண்டு நிறுத்துங்கள். ஒன்பது முயற்சிக்கு ஒன்று போல 3,500 லாபம் வரும், மற்றதில் 500 போகும். இதிலும் நஷ்டம்தான். ஆனால் போவது 500-க்கு மேல் போகாது என்று முன்கூட்டியே தெரியும், போவதும் உங்கள் கண்ணெதிரே போகும்.

ரூலெட்டில் உண்மையாகவே ஜெயித்தவர்கள் இல்லையா என்றால், இருக்கிறார்கள். உங்கள் தொழிலுக்குப் பக்கத்து விஷயம், அதனால் சொல்கிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜோசப் ஜாகர் என்று இங்கிலாந்தின் யார்க்‌ஷயர்க்காரர், ஜவுளி மில் தொழிலில் இருந்தவர். ராட்டினம், ஷாஃப்ட் எல்லாம் பார்த்த கண். எந்த அச்சும் நூற்றுக்கு நூறு நேராக நிற்காது என்பது அவருக்குத் தெரியும். மான்டே கார்லோ சக்கரங்களில் விழும் எண்களை எழுதி வாங்கி, சாய்வுள்ள சக்கரத்தைக் கண்டுபிடித்து அந்த எண்களிலேயே வைத்தார். 1990-களில் மாட்ரிடில் கார்சியா பெலாயோ என்பவர் குடும்பத்தோடு உட்கார்ந்து ஆயிரக்கணக்கான சுழற்றல்களை எழுதி அதையே செய்தார். 1961-ல் எட்வர்ட் தார்ப்பும் கிளாட் ஷானனும், இரண்டு பேரும் கணிதக்காரர்கள், உடம்பில் மறைத்துக்கொள்ளும் சின்ன கம்ப்யூட்டர் செய்து லாஸ் வேகாஸுக்குப் போனார்கள். ஷூவுக்குள் கால் விரலால் சுவிட்ச் தட்டிப் பந்தின் வேகத்தை அளந்தார்கள். காதுக்குப் போன மெல்லிய ஒயர் அறுந்து அறுந்து உயிரை வாங்கியது. 1985-ல் நெவாடா மாநிலம் இப்படிப்பட்ட கருவிகளுக்கே தடை போட்டது. இவர்கள் யாரும் எத்தனை ரூபாய் ஏற்றுவது என்று மூளையைக் கசக்கவில்லை. பந்து எங்கே விழும் என்பதில்தான் கண் வைத்தார்கள். இன்றைய கேசினோக்கள் சக்கரத்தை லெவல் பார்த்து, மாற்றி மாற்றி வைக்கின்றன. ஜாகர் வேலைக்கு இப்போது இடம் குறைவு.

மேஜையைச் சுற்றி இருக்கும் மற்றச் செலவுகள். சீட்டைத் தள்ளி எடுத்தால் தள்ளு எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. 30,000 என்றே வைத்துக்கொள்வோம். அதை ஈடுகட்டவே 60 சுற்று கவிழாமல் ஜெயிக்க வேண்டும். அதற்கு வாய்ப்பு 57 சதவீதம். ரயில், ரூம், கப்பல் நுழைவுக் கட்டணம் எல்லாம் அதற்கு மேல். அந்தச் சீட்டை எதற்காகக் கட்ட ஆரம்பித்தீர்கள் என்பதையும் நீங்கள் எழுதவில்லை. நான் கேட்கவும் இல்லை.

அப்புறம் வரி. சூதாட்ட ஜெயிப்புக்கு வருமான வரி நேராக 30 சதவீதம், அதன்மேல் 4 சதவீதம் செஸ். அடிப்படை விலக்கு கிடையாது. முக்கியமான விஷயம், தோற்றதைக் கழிக்க முடியாது. ஒரு ராத்திரி 14,000 ஜெயித்து மறுநாள் 63,500 தோற்றாலும், அந்த 14,000-க்கு வரி 4,368. கேசினோவுக்கு ஜிஎஸ்டி 2023 அக்டோபரில் சிப் (பணத்துக்குப் பதில் மேஜையில் வைக்கும் வில்லை) வாங்கக் கட்டும் முழுத் தொகைமேல் 28 சதவீதம் என்று ஆனது, 2025 செப்டம்பர் 22 முதல் 40. அதைக் கேசினோ தன் கையிலிருந்து போடுகிறதா, உங்களுக்குத் தரும் சிப்பில் குறைக்கிறதா என்று கவுன்ட்டரிலேயே கேளுங்கள். சிப்பில் குறைத்தால் நான் இவ்வளவு நேரம் பேசிய 2.70 ஒரு பொருட்டே இல்லை.

ஆப் விளம்பரத்துக்குப் பதில் சுருக்கம். கூடாது. ஆன்லைன் சூதாட்டத்தைத் தடை செய்யும் தமிழ்நாட்டுச் சட்டம் 2023 ஏப்ரலிலிருந்து அமலில் இருக்கிறது. 2025 ஆகஸ்டில் மத்தியச் சட்டமும் வந்து, காசு வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கே தடை. அதையும் மீறி விளம்பரம் செய்கிறவர் உங்கள் ஜெயிப்பை ஒழுங்காகத் தருவார் என்று எதை வைத்து நம்புவது? கிண்டி குதிரைப் பந்தயத்தை உச்ச நீதிமன்றம் 1996-ல் திறமை ஆட்டம் என்று சொன்னதை யாராவது உங்களிடம் உதாரணம் காட்டலாம். குதிரையைப் பார்த்து எடை போட ஏதோ இருக்கிறது. ரூலெட்டில் அந்த வாதம் எடுபடாது.

கோவாவில் கேசினோ சட்டப்படி நடப்பதுதான். போகவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு தடவை மாநாட்டுக்குப் போனபோது நானும் அதே மாண்டவிக் கப்பல் ஒன்றில் ஒரு மணி நேரம் நின்றேன், 2,000 ரூபாய் விட்டேன். பந்து துள்ளும் சத்தம் அடங்கியதும் டீலர் விழுந்த எண்ணின்மேல் ஒரு கண்ணாடிக் குமிழை வைப்பார். பிறகு தோற்ற சிப்பை எல்லாம் இரண்டு கையாலும் வழித்து எடுப்பார். எல்லாம் வழித்த பிறகுதான் ஜெயித்தவருக்கு எண்ணிக் கொடுப்பார். எத்தனை தடவை பார்த்தாலும் அந்த வரிசை மாறவில்லை. முதலில் வாங்குவது, பிறகு கொடுப்பது. எங்கள் பிரீமியம் வசூலும் அப்படித்தான், எனக்கு வீட்டு ஞாபகம் வந்துவிட்டது.

போவதென்றால் இப்படிப் போங்கள். ஒற்றைப் பூஜ்ய மேஜை. ஏற்றம் இறக்கம் இல்லாமல் ஒரே 500. மணிக்கு 40 சுழற்றல் என்றால் நீங்கள் வைப்பது 20,000, அதில் சராசரிச் செலவு மணிக்கு 540 ரூபாய். சில ராத்திரி கூடும், குறையும். 5,000 ரூபாயைச் சாப்பாட்டுச் செலவு மாதிரி ஒதுக்கி, கார்டையும் போனையும் ரூமில் வைத்துவிட்டுப் போனால் அந்த 5,000-க்கு மேல் போக வழியில்லை. சீட்டை அதன்பாட்டுக்கு ஓட விடுங்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. தாளில் ஆரம்பித்த நேரத்தையும் எழுதியிருக்கிறீர்கள். முதல் வாரம் 10.30, 10.45. நடுவில் 11.40. கடைசி வாரத்தில் 12.50, 1.05. பெருக்கல் குறிக்கு அடுத்த நாள்களில் மட்டும் 10 சுற்றை அடித்துவிட்டு 14, 16 என்று திருத்தி, பிறகு அதையும் அடித்திருக்கிறீர்கள். காசில்லாத ஆட்டத்திலேயே விட்டதைப் பிடிக்கத் தோன்றியிருக்கிறது. இது என் துறை இல்லை, அதனால் மேலே சொல்ல மாட்டேன். நிறுத்த நினைத்தும் கை போனுக்குப் போகிறது என்றால் 14416, டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசலாம்.

உங்கள் தாளை இந்தப் பதிலோடு தபாலில் அனுப்புகிறேன். நாலு பெருக்கல் குறிக்கும் பக்கத்தில் காலியாக இருந்த கட்டத்தில் பென்சிலால் தொகை எழுதி, கீழே கூட்டல் போட்டிருக்கிறேன். ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் சொல்வதற்கு எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை என்றால், அந்தத் தாளை அவர்கள் கையில் கொடுத்து ஆரம்பிக்கலாம்.